நண்பர் பேரில் வந்த மெயில்: பேரைத் திருடினதா, பெட்டியையே திருடினதா?

தோப்புக்காரர்:
நம்ம நண்பரோட பேரு, அவரோட போட்டோ, எல்லாம் சரியா இருக்கு. ஆனா மெயில்ல நாலே வரி: "அவசரமா ஒரு உதவி வேணும். மீட்டிங்ல இருக்கேன், போன் எடுக்க முடியாது, மெயில்லயே பதில் போடு." இந்த மாதிரி வந்தா முதல்ல எங்க பார்க்கணுங்க? அவரோட மெயிலையே பிடிச்சுட்டாங்களா, பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்களான்னு எப்படிப் பிரிக்கிறது? இன்னொண்ணு, கேரளா-தமிழ்நாடு எல்லையில நம்ம கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் பல பேருக்கு வீடு ஒரு மாநிலத்துல, பேங்க் இன்னொரு மாநிலத்துல. பணம் போயிருந்தா புகார் எந்தப் பக்கம்? பொதுவா "ஜாக்கிரதை"ன்னு சொல்லாம, எதை அமுக்கணும், அங்க என்ன தெரியும்ங்கற வரைக்கும் சொன்னா நல்லதுங்க.

தபால்பெட்டி:
அண்ணா, நீங்க கேட்ட அந்தப் பிரிப்புதான் முதல் வேலை. இதுல மூணு வகை இருக்கு. பேரை மட்டும் எடுத்துக்கிட்டு வேற முகவரியில இருந்து எழுதுறது ஒண்ணு. நண்பரோட முகவரியையே அனுப்புனர் இடத்துல பொய்யா எழுதுறது ரெண்டு. அவரோட பெட்டிக்குள்ளயே புகுந்து அங்கிருந்து அனுப்புறது மூணு. முதல் ரெண்டுல நண்பருக்கு நேரடிச் சேதம் இல்லை, தகவல் சொன்னாப் போதும். மூணாவதுல அவருக்குத் தீப்பிடிச்ச மாதிரி அவசரம்.

போன்ல ஜிமெயில் ஆப் வெச்சிருந்தா, அனுப்புனர் பேருக்குக் கீழ "டு மீ"ன்னு சின்னதா இருக்கும், பக்கத்துல அம்புக்குறி. அதைத் தொட்டா முழு முகவரி விரியும். பேருங்கறது அனுப்புறவர் தன் செட்டிங்ல தானே தட்டிவெக்கிறது, யாரும் சோதிக்கிறதில்லை. போட்டோவும் அப்படித்தான், யார் படத்தையும் எடுத்து ஒட்டிக்கலாம். அதனால முகவரியை எழுத்தெழுத்தா, பழைய மெயில் ஒண்ணோட ஒத்துப் பாருங்க. பழைய மெயில் கட்டாயம் வேணும், ஞாபகத்தை நம்பக் கூடாது.

ஜிமெயில் முகவரியில நடுவுல வர்ற புள்ளிக்கு மதிப்பே இல்லை. புள்ளி இருந்தாலும் இல்லாட்டியும் அதே பெட்டிதான். ஒரு எழுத்து கூடியிருந்தா, கடைசியில ஒரு எண் சேர்ந்திருந்தா அது வேற ஆள். ஜிமெயில்ல ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும் மட்டும்தான் முகவரிக்கு ஆகும், அதனால அங்க இந்த எழுத்து கூட்டுற வேலைதான் அதிகம். சொந்த டொமைன்ல (முகவரியில @-க்குப் பின்னால வர்ற பேருதான் டொமைன்) வர்ற மெயில்னா இன்னும் கவனமாப் பாருங்க. 'ஆர்'-ம் 'என்'-ம் ஒட்டி எழுதினா 'எம்' மாதிரியே தெரியும். சின்ன 'எல்'-க்கும் எண் 1-க்கும் போன் திரையில வித்தியாசமே தெரியாது.

கடைசியா, பதில் போடுற மாதிரி ரிப்ளை பட்டனை அமுக்கி, "டு" இடத்துல எந்த முகவரி வருதுன்னு பாருங்க, அனுப்பிடாதீங்க. வந்தது ஒரு முகவரியில, பதில் போறது இன்னொரு முகவரிக்குன்னா மேல படிக்கவே வேண்டாம்.

மீனாட்சிபுரம்_8:
முகவரி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்குன்னா? அப்ப ஹேக்னு முடிவு பண்ணிடலாமா?

தபால்பெட்டி:
இல்லைங்க, அங்கதான் ரெண்டாம் வகைக்கும் மூணாம் வகைக்கும் இடையில முடிச்சு இருக்கு.

காகிதக் கடிதத்துல உறைமேல ஒரு அனுப்புனர் முகவரி, உள்ள லெட்டர்பேடுல ஒரு முகவரி இருக்குமில்லையா, மெயில்லயும் அப்படி ரெண்டு உண்டு. நாம திரையில பார்க்கிறது உள்ள இருக்கிற லெட்டர்பேடு. மெயில் கடத்துற எஸ்எம்டிபி முறைக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் கிடையாது. அதனாலதான் பின்னால மூணு சோதனையைச் சேர்த்தாங்க. எஸ்பிஎஃப்: உறைமேல இருக்கிற டொமைனுக்காக அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டான்னு பார்க்கும். டிகிம்: அந்த டொமைன் போட்ட முத்திரை உடையாம இருக்கான்னு பார்க்கும். டிமார்க்: இந்த ரெண்டுல ஒண்ணாவது தேறி, அதுவும் நாம பார்க்கிற லெட்டர்பேடு டொமைனோட ஒத்துப்போகுதான்னு பார்க்கும்.

கணினியில ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலோட வலது மேல்பக்கம் மூணு புள்ளி, அதுல "ஷோ ஒரிஜினல்". போன் ஆப்ல இது கிடைக்காது. புதுப் பக்கத்துல மேல ஒரு சின்ன அட்டவணை வரும், மூணுக்கும் பாஸ் அல்லது ஃபெயில்னு இருக்கும். அவுட்லுக் வெப்ல மூணு புள்ளி, "வியூ", "வியூ மெசேஜ் சோர்ஸ்". யாஹூவில "மோர்" உள்ள "வியூ ரா மெசேஜ்". அங்க "ஆத்தென்டிகேஷன் ரிசல்ட்ஸ்"னு தேடினா அதே மூணும் கிடைக்கும்.

டிமார்க் ஃபெயில்னா முகவரியைப் பொய்யா எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். எஸ்பிஎஃப் மட்டும் ஃபெயில்னா அவசரப்பட வேண்டாம். ஒரு பெட்டியில இருந்து இன்னொண்ணுக்குத் தானா ஃபார்வர்டு ஆகுற மெயிலுக்கும் எஸ்பிஎஃப் உடையும், அங்க டிகிமைப் பாருங்க.

மூணும் பாஸ், முகவரியும் அசல், விஷயம் மட்டும் விபரீதம்னா அதுதான் மூணாம் வகை. "பாஸ்"னா நண்பர் தட்டினதுன்னு அர்த்தம் இல்லை. அவரோட பெட்டி வழியா வந்ததுன்னு மட்டும்தான் அர்த்தம். பெட்டிக்குள்ள யார் உட்கார்ந்திருக்காங்கன்னு எந்தச் சோதனைக்கும் தெரியாது. அதே மாதிரி, போலி டொமைனை வாங்கினவன் அதுக்கு மூணு சோதனையும் முறையா அமைச்சு வெச்சிருந்தா அதுவும் பாஸ்தான் ஆகும். அதனால முகவரி ஒப்பீடு முதல்ல, இது அப்புறம்.

எல்லைப்பள்ளி_மாஷ்:
நம்ம பக்கத்துக்குன்னு ஒரு அடையாளம் உண்டு. இங்க நண்பர்களுக்குள்ள போற மெயில் பாதி தமிழ், பாதி மலையாளம், ஆங்கில எழுத்துல தட்டினது. ஒருத்தருக்கு நாம 'மச்சான்', ஒருத்தருக்கு 'சேட்டா', ஒருத்தருக்கு 'டீச்சர்'. அப்படிப்பட்டவர் திடீர்னு "டியர் ஃபிரெண்ட்"னு இலக்கணம் பிசகாத ஆங்கிலத்துலயோ, "நான் உங்களிடமிருந்து ஒரு தயவைக் கோருகிறேன்"னு மிஷின் தமிழ்லயோ எழுதினா அங்கயே நிறுத்திடலாம். நம்மை எப்பவும் கூப்பிடுற முறைப்பேர் இல்லாம வர்ற கடிதம் நம்ம ஊர்க் கடிதம் இல்லை.

பாரதப்புழா:
மாஷே, முறைப்பேர் இல்லாட்டி சந்தேகப்படலாம், அது சரிதான். ஆனா முறைப்பேர் இருக்குன்னு நம்பிடக் கூடாது. மூணாம் வகையில புகுந்தவன் கையில பத்து வருஷத்து பழைய மெயில் அத்தனையும் இருக்கு. யாரை எப்படிக் கூப்பிடுறார், கடைசியா என்ன பேசினார், எல்லாம் தெரியும். இமோடெட்னு ஒரு மால்வேர் இதையே முறையாச் செஞ்சது. பாதிக்கப்பட்டவரோட பழைய மெயில் உரையாடலை எடுத்து, அதுக்கே பதில் மாதிரி ஒட்டி, கீழ வைரஸ் ஃபைலைச் சேர்த்து அனுப்பும். பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து 2021 ஜனவரியில அதோட சர்வர்களை முடக்கினாங்க, அதே வருஷம் நவம்பர்ல திரும்பவும் தலைகாட்டிச்சு. இப்ப எந்த நடையிலயும் எழுதித்தர ஏஐ இருக்கு, நம்ம கலப்பு நடை அதுக்கு ஒரு தடையே இல்லை.

உறுதிப்படுத்த ஒரே வழி வேற பாதை. அந்த மெயிலுக்கே பதில் போட்டு "நீதானா?"ன்னு கேட்டா, புகுந்தவன்தான் "ஆமா"ன்னு சொல்லுவான். மெயில்ல குடுத்திருக்கிற புது நம்பருக்கும் கூப்பிடக் கூடாது. நம்ம போன்ல ஏற்கனவே இருக்கிற நம்பர், இல்லாட்டி வீட்டு ஆளுங்க நம்பர். பாலக்காட்டுப் பக்கம் கல்ஃப்ல இருக்கிறவங்க நிறைய. யூஏஇ-ல வாட்ஸாப் கால் பொதுவாக் கிடைக்காதுங்கறதால எழுத்துலயே பழகிட்டாங்க, ஏமாத்துறவனுக்கு அது வசதி. அங்க இருக்கிறவர்னா சாதாரண ஐஎஸ்டி கால் ஒண்ணு போடுங்க. மணி ஒன்றரை மணி நேரம் பின்னால, அதைப் பார்த்துக் கூப்பிடுங்க. "போன் எடுக்க முடியாது"ங்கற வரியை அவன் எழுதுறதே நாம இதைச் செய்யக் கூடாதுன்னுதான்.

வன்னாமடை_கணினி:
லிங்க், அட்டாச்மென்ட் பத்தி யாரும் இன்னும் தொடலை.

மெயிலைத் திறந்து படிச்சதால மட்டும் பெரும்பாலும் கெடுதல் இல்லை. உள்ள இருக்கிற படம் வெளி சர்வர்ல இருந்து இறங்கினா, திறந்து பார்த்தீங்கங்கறது அனுப்பினவனுக்குத் தெரியலாம். ஜிமெயில் செட்டிங்ல படம் காட்டுறதுக்கு முன்னால கேட்கச் சொல்லிவெக்கலாம்.

லிங்க்கைத் தட்டாம அழுத்திப் பிடிச்சா முழு முகவரி தெரியும். அதுல முதல் ஒத்தைச் சாய்கோட்டைக் கண்டுபிடிச்சு, அங்கிருந்து இடப்பக்கமாப் படிக்கணும். சாய்கோட்டை ஒட்டி, புள்ளியால பிரிச்சிருக்கிற கடைசி ரெண்டு துண்டுதான் வீட்டோட சொந்தக்காரன், இந்தியத் தளமா இருந்தா சில சமயம் மூணு துண்டு. அதுக்கு முன்னால "கூகுள்", "டிரைவ்"னு என்ன எழுதியிருந்தாலும் அது வாசல்ல மாட்டின பலகைதான். இன்னொரு நல்ல காவல், பிரவுசர்லயே பாஸ்வேர்டைச் சேமிச்சு வெக்கிறது. போலித் தளத்துல அது தானா நிரப்பாது. எப்பவும் நிரப்புற இடத்துல நிரப்பலைன்னா கையால தட்டாதீங்க, டொமைனைப் பாருங்க.

போலித் தளமே இல்லாமலும் ஏமாத்தலாம். 2017 மே 3-ம் தேதி தெரிஞ்சவங்க பேர்லயே கூகுள் டாக்ஸ் அழைப்பு வந்தது. அமுக்கினா கூகுளோட அசல் பக்கமே திறந்து, "கூகுள் டாக்ஸ்"ங்கற செயலிக்கு உங்க மெயிலையும் தொடர்புப் பட்டியலையும் பார்க்க அனுமதி கேட்டது. அது எவனோ அந்தப் பேர் வெச்ச செயலி. "அலவ்" குடுத்ததும் உங்க பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் உங்க பேர்ல போச்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள கூகுள் அடைச்சது. பாஸ்வேர்டு கேட்காம அனுமதி கேட்கிற பக்கத்துக்கும் அதே பயம் வேணும்.

ஃபைல்னா கடைசிப் புள்ளிக்குப் பின்னால என்ன இருக்குன்னுதான் பார்க்கணும். 2000 மே மாசம் வந்த "ஐ லவ் யூ" வைரஸ், பேர்ல டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி காட்டிச்சு, அதுக்கும் பின்னால விபிஎஸ்ங்கற நிரல் நீட்டிப்பு இருந்தது. விண்டோஸ் அதை மறைச்சுக் காட்டினதால கோடிக்கணக்கான கணினி விழுந்துச்சு. அதுவும் நண்பர்களோட அட்ரஸ் புக் வழியாத்தான் போச்சு. இன்னிக்கும் எக்ஸ்ப்ளோரர்ல நீட்டிப்பு மறைஞ்சுதான் இருக்கும். "வியூ" மெனுவில "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்"க்கு டிக் போடுங்க. ஹெச்டிஎம்எல் ஃபைல் அட்டாச்மென்டா வந்தா அது உங்க கணினியிலயே திறக்கிற போலி லாகின் பக்கமா இருக்கலாம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டை மெயில்லயே எழுதியிருந்தா, வைரஸ் ஸ்கேனர் உள்ள பார்த்துடக் கூடாதுன்னு செஞ்சது. வேர்டு ஃபைல் "எனேபிள் கன்டென்ட்" கேட்டா மூடிடுங்க. கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே (ஆண்ட்ராய்டு போன்ல ஆப்பை நிறுவுற ஃபைல்) வந்தா, பத்திரிகைக்கு ஏபிகே தேவையே இல்லை.

தோப்புக்காரர்:
ரொம்ப நன்றிங்க. சரி, மூணாம் வகைன்னே வெச்சுக்குவோம். நண்பர் லிங்க்ல பாஸ்வேர்டு குடுத்துட்டார். போன்ல அவருக்குச் சொல்லியாச்சு. பாஸ்வேர்டை மாத்தினாச் சரியாயிடுமா?

தபால்பெட்டி:
ஆகாது அண்ணா. இதைத்தான் எல்லாரும் பாதியில விடுறாங்க. பூட்டை மாத்திட்டு, அவன் சுவத்துல போட்ட ஓட்டையை விட்டுடறாங்க.

முதல்ல சுத்தமான கருவி வேணும். சந்தேக ஃபைலைத் திறந்த கணினியிலயே புதுப் பாஸ்வேர்டைத் தட்டினா அதுவும் அவன்கிட்டதான் போகும். வேற போன் எடுத்து, கூகுள் கணக்குல "செக்யூரிட்டி" போய், புதுப் பாஸ்வேர்டு. "யுவர் டிவைசஸ்"ல தெரியாத கருவி எல்லாத்தையும் வெளியேத்துங்க. அதே பக்கத்துல மீட்பு போன், மீட்பு மெயில் ரெண்டும் அவரோடதுதானான்னு பார்க்கணும். புகுந்தவன் முதல்ல மாத்துறது இதைத்தான். டூ ஸ்டெப் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சோதனை) ஏற்கனவே போட்டிருந்தா, போன் கையில இல்லாதப்ப உள்ள போக உதவுற பேக்கப் கோடு புதுசா எடுங்க. பத்து கோடு வரும், எடுத்ததும் பழையது செல்லாது. வெளிச் செயலிகளுக்குக் குடுத்த அனுமதியில தெரியாததை நீக்குங்க.

அடுத்தது ஜிமெயிலுக்குள்ள. இதுக்குக் கணினி வேணும், ஃபில்டர் ஆப்ல தெரியாது. பல்சக்கரம், "சீ ஆல் செட்டிங்ஸ்". "ஃபில்டர்ஸ்" பக்கத்தைக் கவனமாப் பாருங்க. "ஹேக்", "ஃபிராடு", "பேங்க்"ங்கற சொல் வந்தா படிச்சதாக் குறிச்சு குப்பைக்குப் போடுன்னு ஒரு விதி எழுதிவெச்சிருப்பான். நண்பர்கள் "டேய், உன் மெயிலை யாரோ பிடிச்சுட்டாங்க"ன்னு எழுதினது எதுவும் அவர் கண்ணுல படாம இருந்ததுக்குக் காரணம் இதுவா இருக்கும். "ஃபார்வர்டிங்" பக்கத்துல தெரியாத முகவரி இருந்தா, பாஸ்வேர்டு மாத்தின பிறகும் வர்ற ஒவ்வொரு மெயிலும் அவனுக்கும் ஒரு பிரதி போகும், ஓடிபி-யும் சேர்த்து. "அக்கவுன்ட்ஸ்" பக்கத்துல ரெண்டு இடம்: "சென்ட் மெயில் ஆஸ்"ல ரிப்ளை முகவரியை மாத்தியிருக்கானா, "கிராண்ட் ஆக்சஸ்"ல யாருக்காவது உரிமை குடுத்திருக்கானா. "ஜெனரல்"ல கையெழுத்து, விடுமுறைப் பதில். முடிச்சதும் இன்பாக்ஸ் அடியில வலது மூலையில "டீடெய்ல்ஸ்", அங்க எந்த நேரம் எந்த இடத்துல இருந்து உள்ள வந்தாங்கன்னு பட்டியல் இருக்கும். கேரளா, தமிழ்நாடுன்னு மாறி மாறிக் காட்டினா பயப்படாதீங்க, எல்லைப் பக்கம் டவரையும் நெட்வொர்க்கையும் பொறுத்து இடம் தப்பாத் தெரியும். நாடே வேறயா இருந்தாத்தான் கேள்வி.

உள்ளயே போக முடியலைன்னா, எப்பவும் பயன்படுத்தின அதே போன், அதே வீட்டு வைஃபையில இருந்து கூகுள் மீட்புப் பக்கத்துக்குப் போகணும். மீட்பு எண்ணை அவன் மாத்தியிருந்தாலும் பழைய எண்ணை 7 நாள் வரைக்கும் கூகுள் ஏத்துக்கும். தள்ளிப் போடாதீங்க.

சிம்_மாத்தினவங்களுக்கு:
மீட்பு எண் பத்தி ஒரு வார்த்தை சேர்க்கணும். கல்யாணம், வேலைன்னு எல்லை தாண்டினதும் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் நின்னுபோகுது. இணைப்பு துண்டிச்சு 90 நாள் கழிஞ்சா அந்த எண்ணை வேற ஆளுக்குக் குடுத்துடலாம். மெயிலுக்கு மீட்பு எண்ணா அதே கிடந்தா, பூட்டோட சாவி முகம் தெரியாதவர் கையில. புது சிம் போட்ட அன்னிக்கே மெயில், பேங்க், ஆதார் மூணுலயும் எண்ணை மாத்துங்க.

அக்ஷயா_கவுன்டர்:
திருடினதா, குடுத்ததாங்கறதையும் பார்க்கணும். நம்ம அக்ஷயா இ-சேவை மையத்துக்கு, கேரள பிஎஸ்சி வேலைக்குப் பதியுற துளசி ப்ரொஃபைல், ஸ்காலர்ஷிப்னு வர்றவங்க மெயில் பாஸ்வேர்டை நோட்டுல எழுதி மேசைமேல வெச்சுட்டுப் போறாங்க. டிடிபி கடையில ஒரு பிரின்ட் எடுக்க லாகின் பண்ணி, ஜன்னலை மட்டும் மூடிட்டு எழுந்துடறாங்க. மூடினா வெளியேறினதா ஆகாது. கடைக் கணினின்னா இன்காக்னிடோ (பார்த்ததைச் சேமிக்காத) ஜன்னலைக் கேளுங்க, வேலை முடிஞ்சதும் சைன் அவுட், அப்புறம் ஜன்னல். மறந்துட்டா வீட்டுக்கு வந்து போன்ல "யுவர் டிவைசஸ்"ல அந்த விண்டோஸ் கணினியை வெளியேத்திடலாம்.

முதலமடை_மண்டி:
வியாபாரத்துல இதே வேலை வேற உருவத்துல வரும். மாங்காய் சீசன்ல பழகின பார்ட்டி மெயில்ல இருந்து "பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இனி இதுல போடுங்க"ன்னு வரும், பில்லும் அசல் மாதிரியே இருக்கும். அக்கவுன்ட் மாத்தம்னு எந்த மெயில் வந்தாலும் பழைய நம்பருக்குக் கூப்பிட்டு, அக்கவுன்டோட கடைசி நாலு எண்ணை அவர் வாயால சொல்லச் சொல்லுங்க, நாம சொல்லிக் குடுக்கக் கூடாது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்லயும் வாங்குறவர் பேரைக் காட்டுற வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள்ள குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. அந்தப் பேரைப் படிக்காம அடுத்த பட்டனுக்குப் போகாதீங்க.

பாரதப்புழா:
புகார் விஷயம். பணம் போயிருந்தா நேரா 1930. நாடு முழுக்க ஒரே நம்பர், வாளையாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதேதான். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்கினாத்தான் உண்டு, அதனால பேங்க் திறக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. கையில வெச்சுக்க வேண்டியது: தொகை, நேரம், எந்த பேங்க், யூபிஐ-ன்னா 12 இலக்க ரெஃபரன்ஸ் எண். அடுத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல எழுத்துப் புகார். மாநிலம் கேட்கிற இடத்துல நீங்க குடியிருக்கிற மாநிலத்தைக் குடுங்க.

ஸ்டேஷன்ல "இது எங்க எல்லை இல்லை"ன்னு சொன்னா, 2024 ஜூலை 1-ல இருந்து நடப்புல இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாங்கற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 173-ம் பிரிவைச் சொல்லுங்க. குற்றம் எங்க நடந்திருந்தாலும் தகவலை வாங்கிக்கணும், ஜீரோ எஃப்ஐஆர்னு பதிஞ்சு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும். அடுத்தவர் பேர்ல ஏமாத்துறதுக்கு ஐடி சட்டத்துல 66சி, 66டி பிரிவுகள் இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் சிறை.

மெயிலை அழிச்சுடாதீங்க. போலீசுக்கு அதை ஃபார்வர்டு பண்ணினாலும் பிரயோஜனம் இல்லை, உள்ள இருக்கிற தடம் கழண்டுடும். "ஷோ ஒரிஜினல்" பக்கத்துலயே டவுன்லோடு பட்டன் இருக்கு, அந்த ஃபைலை அப்படியே குடுக்கணும்.

ஒரு விஷயத்துல கை தவறக் கூடாது. மூணாம் வகைன்னா நண்பரோட முகவரியை பிளாக் பண்ணவோ ஸ்பாம்னு தள்ளவோ வேண்டாம், பின்னால அவர் மீட்டு எழுதுற மெயிலும் காணாமப் போகும். மூணு புள்ளியில "ரிப்போர்ட் ஃபிஷிங்" போதும். முதல் வகை போலி முகவரியை தாராளமா பிளாக் பண்ணலாம்.

மீனாட்சிபுரம்_8:
என்கிட்ட இருந்து போகாத மெயிலுக்கெல்லாம் "டெலிவரி ஃபெயில்டு"ன்னு வந்துக்கிட்டே இருந்தா அது என்ன வகை?

தபால்பெட்டி:
பெரும்பாலும் ரெண்டாம் வகை. உங்க முகவரியை உறைமேல பொய்யா எழுதி ஆயிரக்கணக்குல அனுப்புறான், போய்ச் சேராதது எல்லாம் உங்க வாசலுக்குத் திரும்புது. "சென்ட்" பெட்டியையும் குப்பையையும் பாருங்க. அங்க அந்த மெயில் இல்லாம, "டீடெய்ல்ஸ்"லயும் அந்நிய நுழைவு இல்லைன்னா பெட்டி பத்திரமா இருக்கு, சில நாள்ல தானா ஓயும். சென்ட்ல இருந்தா மேல சொன்ன வேலை அத்தனையும் செய்யணும்.

சொந்த டொமைன் வெச்சிருக்கிற கடைக்காரங்க மட்டும் டொமைன் விற்றவர்கிட்டயே கேட்டு டிஎன்எஸ்-ல (டொமைனோட பொதுப் பதிவேடு) எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணையும் எழுதிவெக்கலாம். டிமார்க்கை முதல்ல "நன்"னு (தேறாத மெயிலை ஒண்ணும் செய்யாதேன்னு அர்த்தம்) வெச்சு, சில வாரம் அறிக்கை வாங்கிப் பாருங்க. பில் அனுப்புற மென்பொருள் வழியாப் போற நம்ம சொந்த மெயில் எல்லாம் தேறுதுன்னு தெரிஞ்சதும் "குவாரன்டைன்" (தேறாததை ஸ்பாமுக்குத் தள்ளு), அப்புறம் "ரிஜெக்ட்" (வாங்காம மறுத்துடு). எடுத்ததும் ரிஜெக்ட் போட்டா நம்ம பில்லே பார்ட்டிக்குப் போகாம நிக்கும்.